வடகடலா, தென்கடலா? ராமநாதபுரம் கரையில் படகுப் பயணத்துக்கு வழி தேர்ந்தெடுப்பது எப்படி

ஆலப்புழை போய்ப் படகு வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "உங்க ஊரைச் சுத்தித் தண்ணியா கிடக்கே, அங்கே ரெண்டு மூணு நாள் படகுல சுத்த முடியாதா?" முடியும். மண்டபத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நன்றாகவே முடியும். ஆனால் காயலிலும் கால்வாயிலும் எத்தனை மணி நேரம், எந்த ஊரில் சாப்பாடு, எங்கே திரும்புவது என்று வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம். எங்கள் கரையில் வரைபடத்தை விரிப்பதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வந்து ஏமாந்து திரும்பியவர்களை ஒவ்வொரு விடுமுறைக்கும் பார்க்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் தண்ணீர், இரவில் தரை என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படகில் தூங்கும் பயணம் இல்லை இது. ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்கி, தினம் காலையில் ஒரு துறைக்குப் போய், ஒன்றிரண்டு மணி நேரம் கடலில் இருந்துவிட்டு வருவது.

முதலில் கடல், அப்புறம்தான் இடம்

வரைபடத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்கு மூலை கடலுக்குள் நீட்டிய விரல் போல இருக்கும். விரல் நுனியில் மண்டபம், அதற்கு அப்பால் பாம்பன் தீவு. விரலுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பேச்சில் வடகடல், தென்கடல். மண்டபத்தில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். அவ்வளவு பக்கம். ஆனாலும் ஒரே நாளில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பது தை, மாசி, பங்குனியை விட்டால் அபூர்வம்.

வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். தென்கடல் கரை அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. அலை எழும்பும், அடி மணல் கிளம்பித் தண்ணீர் கலங்கிப் போகும். அதே நாளில் வடகடல் கரையில் நிலமே காற்றை மறித்துக்கொள்வதால் கரையோரத் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்கு வாடைக் காற்று திரும்பினால் எல்லாம் தலைகீழ். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் கரையோரம் ஒதுக்கமாக இருக்கும். தை பாதிக்கு மேல் பங்குனி முடிய இரண்டு கடலுமே அடங்கியிருக்கும். நாள் உங்கள் கையில் இருக்கிறது என்றால் அந்த இரண்டரை மாதத்துக்குள் வாருங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

எங்கள் மீனவர்கள் இந்தக் கணக்கில்தான் பிழைக்கிறார்கள். பருவத்துக்குத் தகுந்தபடி நாட்டுப்படகையே ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் உண்டு. இந்த மாவட்டத்தில் எத்தனை ஊர்ப் பெயர்கள் 'வலசை' என்று முடிகின்றன என்று கவனித்துப் பாருங்கள். வலசை என்றால் இடம்பெயர்ந்து போவது.

இதை நானே ஒரு முறை மதிக்காமல் விட்டேன். கோவையிலிருந்து அத்தை மகன் குடும்பத்தோடு வந்தான். அது கார்த்திகை மாதம். நல்ல அறை கிடைத்தது என்பதற்காக வடகடல் பக்கமே மூன்று நாளும் ஏற்பாடு செய்துவிட்டேன். மூன்று நாளும் வாடை. ஒரு படகும் நங்கூரம் தூக்கவில்லை. கரையில் வலை சரி பண்ணிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, வெளியூர்க்காரங்க செஞ்சா சரி. நீ தெக்க கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றார். தெற்கே இருபது நிமிடம் வண்டி ஓட்டியிருந்தால் போதும். பிள்ளைகள் அன்றைக்கு மணலில் உட்கார்ந்திருந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது ஓதம்

காற்று எந்தக் கடல் என்று சொல்லும். எந்த மணிக்கு என்று சொல்வது ஓதம், அதாவது கடல் நீர் ஏறுவதும் வற்றுவதும். வடகடலில் நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். கேட்டால் சின்னதாகத் தெரியும். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரே வெகுதூரம் போகிற கடலில் அந்த இரண்டு மூன்று அடிதான் படகு உள்ளே போகுமா, தரை தட்டுமா என்பதை முடிவு செய்கிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம். அட்டமி வாக்கில் குறைவு. அலையாத்திக் காட்டு வாய்க்காலுக்குள் போக நீர் ஏறும் நேரம் நல்லது. பறவை பார்ப்பதுதான் ஆசை என்றால் நீர் வற்றும் நேரம். சேறு வெளியே தெரிந்தால்தான் நாரையும் உள்ளானும் இறங்கி மேயும். படகுக்காரரிடம் தொலைபேசியில் பேசும்போது "எத்தனை மணிக்கு வரலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அன்னைக்குத் தண்ணி எப்ப ஏறும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அன்று ராமேஸ்வரத்துக்கு வரும் கூட்டத்தில் பாம்பன் பாலத்தைத் தாண்டவே பாதி நாள் போய்விடும்.

காரங்காடு: கால்வாய்ப் பயணத்துக்கு மிக நெருக்கமானது

படகு என்றால் இரண்டு பக்கமும் மரம், நடுவில் பச்சைத் தண்ணீர் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது காரங்காடுதான். தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் வரும் மீனவ ஊர். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் நண்டும் இறாலும் மீனும் சமைத்துப் போடுகிறார்கள். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அன்றைக்கு வந்த மீனைப் பொறுத்துத்தான் சமையல்.

படகு ஊரை விட்டுக் கிளம்பியதும் வாய்க்கால் அகலமாக இருக்கும். போகப் போகச் சுருங்கும். ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அந்த அமைதிக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். படகைக் கரைக்கு ஒட்டி நிறுத்தச் சொல்லிச் சேற்றைப் பாருங்கள். பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நிற்கும். அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் அவை. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. வேர்களுக்கு நடுவே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் குட்டி நண்டு அதை ஆட்டி ஆட்டிக் காட்டும். விரல் நீளமுள்ள மீன் சேற்றின் மேல் துள்ளி ஓடும். கையெட்டும் தூரத்தில் கிளை வந்தால் இலையைப் பறிக்காமல் விரலால் தடவி நாக்கில் வையுங்கள். உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம் அது.

காரங்காட்டின் இன்னொரு பலம், வாய்க்கால் மரங்களின் மறைவில் இருப்பதால் காற்றுக் காலத்திலும் ஓரளவு போக முடியும். வயதானவர்கள், சின்னக் குழந்தைகள், கடல் என்றாலே தலை சுற்றுகிறவர்கள் யார் உடன் வந்தாலும் இந்தத் தடத்தைத்தான் முதல் நாளுக்கு வையுங்கள். பறவைகளுக்கு என்றால் ஐப்பசியிலிருந்து மாசி வரை. அதில் அடை மழை நாட்களை விட்டுவிடுங்கள்.

குந்துகால் – குருசடைத் தீவு

பாம்பன் தீவின் தெற்கு ஓரத்தில் குந்துகால். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கிய இடம். நினைவு மண்டபம் இருக்கிறது. அதை ஒட்டிய துறையிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம்.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மொத்தம் 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி. அதில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. தீவுகளைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளைப் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இதைத் தெரிந்துகொண்டு படகில் ஏறினால் பார்வையே வேறாக இருக்கும்.

தனியார் படகுக்காரர் யாராவது "எந்தத் தீவுக்கு வேணும்னாலும் இறக்கிவிடுறேன்" என்றால் போகாதீர்கள். பூங்காவின் தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம். குருசடைக்கு வனத்துறையே கூட்டிப் போகிறது, அதுவே போதும். விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தத் தீவு பாடப் புத்தகத்தில் வந்த பெயர். முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ள உயிர்களுக்கும் இடையில் நிற்கும் பலனோகுளோசஸ் புழு இங்கே வாழ்கிறது. நீங்கள் அதைப் பார்ப்பது சந்தேகம், மண்ணுக்குள் புதைந்திருக்கும். கரையோரத் தெளிந்த நீரில் கடல் புல்லும் சின்ன மீன்களும் கண்ணுக்குத் தெரியும்.

இது முழுக்கத் தென்கடல் தடம். கச்சான் காலத்தில் படகு நிறுத்தப்படும் நாட்கள் அதிகம். காலை முதல் படகைப் பிடியுங்கள். பத்து, பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று ஏறத் தொடங்கினால் திரும்பி வரும்போது ஆட்டம் கூடும்.

பிச்சை மூப்பன் வலசை

கீழக்கரை தாண்டி ஏர்வாடி பக்கம் கரையோரத்தில் இருக்கும் சின்ன ஊர். இங்கேயும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் போய்ப் பவளப் பாறையைப் பார்க்கலாம். கடலுக்கு நடுவே மணல் திட்டு ஒன்றும் உண்டு. அப்பா தீவு, முள்ளித் தீவு எல்லாம் இந்தக் கரைக்கு எதிரேதான் இருக்கின்றன. அவற்றில் இறங்க முடியாது.

கண்ணாடிப் படகுக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: தண்ணீர் தெளிவா, கலங்கலா? அலை பெரிதாக இல்லாமலே தண்ணீர் கலங்கியிருக்கலாம். இரண்டு நாள் முன்பு அடித்த காற்றின் கலங்கல் அது. முந்தின நாள் மாலை போன் போட்டு இதைக் கேளுங்கள். கலங்கல் என்றால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். பணம் கொடுத்துப் பழுப்புத் தண்ணீரைப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. சூரியன் சற்று மேலே ஏறிய பிறகு, காற்று கிளம்புவதற்கு முன், அதாவது எட்டரையிலிருந்து பத்துக்குள் வெளிச்சம் அடிவரை இறங்கும்.

படகில் ஏறத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டி வரலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். புடவையை விடச் சுடிதார் வசதி.

அரியமான்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், வடகடல் கரை. சவுக்குத் தோப்பு, அலை இல்லாத தண்ணீர், பிள்ளைகள் விளையாட நல்ல இடம். தடம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கரையோரம் ஒரு சுற்று அவ்வளவுதான். ஆனால் ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் கடல் அமைதியாக இருக்கிறதே என்று துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். அப்போது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. தண்ணீர் அமைதியாகத் தெரிவதே அதனால்தான். போகும்போது சுகமாகத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது அதே காற்றை எதிர்த்துத் துடுப்பு போட வேண்டும். கை ஓய்ந்தால் படகு வெளியே போய்க்கொண்டே இருக்கும். உயிர்க்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, கரையை விட்டு விலகாமல் ஓட்டுங்கள்.

பாம்பன் கால்வாய்

எங்கள் பக்கத்தில் உண்மையிலேயே கால்வாய் என்று பெயர் வாங்கியது இதுதான். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கிடந்த பாறைத் தடுப்பை 19ஆம் நூற்றாண்டில் உடைத்து ஆழப்படுத்தி உண்டாக்கிய வழி. வாடைக் காலத்தில் வடகடல் தண்ணீர் இதன் வழியாகத் தெற்கே பாயும், கச்சான் காலத்தில் தென்கடல் தண்ணீர் வடக்கே பாயும். பாலத் தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடுவதை மேலே சாலைப் பாலத்தில் நின்றாலே பார்க்கலாம்.

இதில் உல்லாசப் படகு கேட்காதீர்கள். பழகிய படகோட்டிகளே நீரோட்டம் பார்த்துத்தான் நுழைவார்கள். பார்ப்பதற்குச் சாலைப் பாலம் போதும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் இரண்டு கை விரித்தாற்போலத் திறந்து கப்பலுக்கு வழி விட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே தூக்கப்படுகிறது. வெளியூர்க் கப்பல்களும் விசைப்படகுகளும் பாலம் திறக்கக் காத்து நிற்பதை உள்ளூர்ச் செய்தியில் போடுவார்கள். அந்த நாள் நீங்கள் இங்கே இருந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

கச்சத்தீவுக்குப் போக முடியுமா என்று சிலர் கேட்பார்கள். மாசி, பங்குனி வாக்கில் நடக்கும் அந்தோணியார் திருவிழாவுக்கு, முன்பதிவும் அடையாள அட்டையும் வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்திலிருந்து போவது அது. சுற்றுலாத் தடமாக நினைத்துத் திட்டம் போட வேண்டாம். எல்லைக் கோடு பக்கத்தில் இருக்கும் கடல் இது. "இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே" என்று படகுக்காரரை எந்தத் துறையிலும் வற்புறுத்தாதீர்கள்.

நாட்களைக் கோர்ப்பது

இப்போது சேர்த்துப் பார்க்கலாம். ராமநாதபுரத்தில் தங்கினால் காரங்காடு வடக்கே, ஏர்வாடி தெற்கே, பாம்பன் கிழக்கே, மூன்றுக்கும் அது நடு. ராமேஸ்வரத்தில் தங்கினால் கோயிலும் தனுஷ்கோடியும் பக்கம், ஆனால் ராமநாதபுரத்துக்கே சுமார் 55 கிலோமீட்டர், காரங்காடு அதற்கும் அப்பால். படகுதான் நோக்கம் என்றால் முதல் இரண்டு இரவு ராமநாதபுரம், கடைசி இரவு ராமேஸ்வரம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

தை கடைசியிலிருந்து பங்குனி வரை வந்தால் முதல் நாள் காரங்காடு, இரண்டாம் நாள் பிச்சை மூப்பன் வலசை, மூன்றாம் நாள் காலை குந்துகாலில் படகு, மாலை தனுஷ்கோடி. கோடை விடுமுறையில் வருகிறவர்கள் சித்திரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வைகாசி பிறந்துவிட்டால் தென்கடலை நம்பிப் பணம் கட்டாதீர்கள், காரங்காடும் அரியமானும் மட்டும் வைத்துக்கொண்டு மீதி நாளைக் கரையில் செலவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை ஏறியிருக்கும். தீபாவளி விடுமுறை என்றால் தென்கடல், அதுவும் புயல் சின்னம் எதுவும் இல்லாத வாரத்தில்.

ஒரு நாளுக்கு ஒரு படகு என்று வையுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓடினால் வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து எல்லோரையும் படுக்க வைத்துவிடும்.

கிளம்பும் முன்

முந்தின நாள் மாலை மூன்று விஷயம் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா? மீன்வளத் துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கன் கொடுத்திருக்கிறதா? கள்ளக்கடல் எச்சரிக்கை ஏதாவது வந்திருக்கிறதா? வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் எங்கோ தொலைவில் கிளம்பிய அலை கரையில் வந்து ஏறும், அதற்குத்தான் கள்ளக்கடல் என்று பெயர். காற்று, புயல் காரணமாக டோக்கன் நிறுத்தப்பட்ட நாளில் எந்தப் படகுக்காரர் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

அங்கி போட்டுக்கொள்ளச் சொன்னால் போட்டோவுக்குச் சரியில்லை என்று கழற்றாதீர்கள். குழந்தைக்குப் பெரியவர் அங்கியை மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் போய்விடும். சின்ன அளவு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், பூரியும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். கையில் சில்லறைப் பணம் இருக்கட்டும். தொப்பி, மாற்றுத் துணி, குடிதண்ணீர், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை.

பவளத்தைத் தொடாதீர்கள், உயிரோடு இருப்பது மேல் தோல்தான், ஒரு மிதியில் பல வருட வளர்ச்சி போய்விடும். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் எடுக்காதீர்கள். கடல் அட்டையை யாராவது விற்க வந்தால் விலகிப் போங்கள், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர் அது, வைத்திருந்தாலே வழக்கு. கடல் பசுவை, நாங்கள் ஆவுளியா என்போம், பார்க்கிற பாக்கியம் கிடைத்தால் படகை நிறுத்திச் சத்தம் போடாமல் இருங்கள். வடகடல் புல் வெளிகள்தான் அதன் மேய்ச்சல் நிலம்.

படகு ரத்தானால் அந்த நாளை வீணாக்க வேண்டாம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்துக்கு நடைமேடையில் நடந்தே போகலாம். தனுஷ்கோடிக்கு, 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிந்த தேவாலயத்தைத் தாண்டி, அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. அங்கே குளிக்க இறங்காதீர்கள். மார்கழி தாண்டி வந்தால் போகிற வழியில் இடது பக்கத் தேங்கு நீரைப் பாருங்கள். தூரத்தில் வெள்ளைக் கோடு போலத் தெரிவது பூநாரைக் கூட்டம். அந்தப் பகுதியை 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஆரன் அடிக்காமல் நில்லுங்கள், கால் மணி நேரத்தில் கூட்டத்தில் ஒரு பகுதி எழும்பி இடம் மாறும். இறக்கைக்கு அடியில் இருக்கும் சிவப்பு அப்போதுதான் தெரியும்.